சிப்பி வளரும் கடலும் கரையோர செப்டிக் டேங்குகளும்: கவுன்ட்டித் திட்டங்கள் பலன் தருகின்றனவா?

கேள்வி இதுதான்: "வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா பக்கம் கடலோரமாக வீடு பார்க்கிறோம். அங்கே செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும், சில வீடுகளில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சாயம் ஊற்றிச் சோதிப்பார்கள், எல்லாம் கடலில் வளரும் சிப்பி, மட்டிகளுக்காகத்தான் என்கிறார்கள். நம் நிலத்துக்குள் இருக்கும் தொட்டிக்கும் கடலில் இருக்கும் சிப்பிக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் திட்டங்களால் உண்மையிலேயே பலன் உண்டா?"

உண்டு. ஆனால் சட்டம் போட்டதால் மட்டும் வந்த பலன் இல்லை அது. யாரோ ஒருவர் வீடு வீடாகப் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கிறார். பழுதான வீட்டுக்காரர் கையில் பணம் இல்லையென்றால் கடன் கிடைக்க வழி இருக்கிறது. இந்த இரண்டும் ஆண்டு தவறாமல் நடக்கின்றன. அப்படி நடக்கிற இடங்களில் கடல் தேறியிருக்கிறது. கட்டண ரசீதை மட்டும் பார்த்தால் வீண் தொல்லை என்றுதான் தோன்றும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சிப்பியைப் பார்ப்போம். ஆய்ஸ்டர், கிளாம், மசல் என்று சொல்லும் சிப்பி, மட்டி வகைகள் எல்லாமே கடல்நீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் மிதப்பதைத் தின்று வாழ்பவை. நன்கு வளர்ந்த ஒரு ஆய்ஸ்டர் தோதான சூழலில் ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்று கணக்குச் சொல்வார்கள். தண்ணீரில் கிருமி கொஞ்சமாக இருந்தாலும் அதன் உடம்பில் அது செறிந்துவிடும். மீன் என்றால் குடலை எடுத்துவிட்டுச் சமைக்கிறோம். ஆய்ஸ்டரை அமெரிக்காவில் பலர் பச்சையாக, குடலோடு அப்படியே விழுங்குகிறார்கள். பிடித்த பிறகு சுத்தம் செய்துகொள்ளலாமே என்றால், நல்ல நீரில் சில நாள் போட்டுவைத்தால் பாக்டீரியா பெரும்பாலும் வெளியேறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் அவ்வளவு லேசில் போகாது. ஆகவே அது வளரும் தண்ணீரே சுத்தமாக இருந்தாக வேண்டும்.

இதை அமெரிக்கர்கள் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். 1924-25 குளிர்காலத்தில் கழிவுநீர் கலந்த ஆய்ஸ்டரைச் சாப்பிட்டு நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் டி.சி. நகரங்களில் சுமார் 1,500 பேருக்கு டைபாய்டு வந்தது. 150 பேர் வரை இறந்தார்கள். அதன் பிறகு 1925-இல் தொடங்கியதுதான் தேசிய சிப்பி சுகாதாரத் திட்டம். சிப்பி அறுவடை செய்யும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் (மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா) பெருக்கல் சராசரி 14-ஐத் தாண்டக் கூடாது, மாதிரிகளில் 90 சதவீதம் 43-க்குள் அடங்க வேண்டும் என்பது இன்றைக்கும் அதன் அளவுகோல். குளிப்பதற்கு 200 வரை பரவாயில்லை என்று அமெரிக்க அரசு நீண்ட காலம் வைத்திருந்தது. குளிக்கத் தகுந்த கடல் எல்லாம் சிப்பி வளர்க்கத் தகுந்த கடல் ஆகிவிடாது என்பது இதிலிருந்தே புரியும்.

சரி, இப்போது தொட்டிக்கு வருவோம். நம் ஊரில் பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது அடிப்பகுதி பூசாத ஒரு குழியைத்தான். அங்கே விதிப்படி அமைப்பது இரண்டு பகுதி கொண்டது. முதலில் கசியாத கான்கிரீட் தொட்டி. அதில் கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறும். வெளியேறும் நீர் துளையிட்ட குழாய்கள் வழியாகத் தோட்டத்து மண்ணுக்குள் பரவும். இந்த உறிஞ்சு நிலம்தான் உண்மையில் சுத்திகரிப்பு வேலையைச் செய்கிறது. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அவை காற்றோட்டமுள்ள, நீர் தேங்காத மண்ணில் இரண்டு மூன்று அடி இறங்கும்போதுதான் வடிகட்டப்பட்டு மடிகின்றன.

ஒலிம்பியா வரை நிலத்துக்குள் நீளும் உள்கடலான பியூஜெட் சவுண்டின் கரையோரத்தில் அந்த இரண்டு மூன்று அடி மண்ணுக்குத்தான் தட்டுப்பாடு. பனியாறுகள் நசுக்கிவிட்டுப் போன இறுகலான அடிமண் பல இடங்களில் மேற்பரப்புக்குக் கிட்டவே இருக்கிறது. நீர் கீழே இறங்காமல் அதன் மேல் பக்கவாட்டில் வழிந்து கடற்கரையில் ஊற்றாக எட்டிப் பார்க்கும். மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது, நிலத்தடி நீர் அப்போது ஏறி உறிஞ்சு நிலத்தையே தொட்டுவிடும். புதிதாக அமைத்தால் உறிஞ்சு நிலம் கடலிலிருந்து 100 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. ஆனால் விதி வருவதற்கு முன்பே, வார இறுதியில் வந்து தங்கிப் போகக் கட்டிய சின்ன வீடுகள் கரையை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இன்று அவற்றில் ஆண்டு முழுவதும் குடும்பங்கள் இருக்கின்றன, வாஷிங் மெஷினும் பாத்திரம் கழுவும் மெஷினும் ஓடுகின்றன. தொட்டி மட்டும் அன்று போட்டதேதான். கழிப்பறையில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறவரை வீட்டுக்காரருக்கு எந்தக் குறையும் தெரியாது. கரையோர வீடுகளில் பல பழுதுகள் இந்த மாதிரிதான்: வீட்டுக்குள் எல்லாம் நன்றாக ஓடும், கழிவு பின்பக்கமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து சட்டம். சிப்பிக் காப்பு மாவட்டங்கள், அதாவது சிப்பி வளரும் நீரைக் காக்கத் தனியாகக் குறிக்கும் பகுதிகள், அமைக்க வழிசெய்யும் சட்டத்தை வாஷிங்டன் மாநிலம் 1985-இல் கொண்டுவந்தது. பிறகு அதில் சேர்ந்த ஒரு பிரிவை முக்கியமாக நினைக்கிறேன். ஒரே குழாயிலிருந்து இல்லாமல் பல இடங்களிலிருந்து வந்து சேரும் பரவலான மாசால் நீர் கெட்டு, மாநில சுகாதாரத் துறை ஒரு சிப்பிப் பகுதியை மூடினாலோ அதன் தகுதியைக் குறைத்தாலோ, அந்தக் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் போன்றது) 180 நாளுக்குள் காப்பு மாவட்டம் அமைத்து, மாசைக் குறைக்கும் திட்டத்தையும் வகுத்தாக வேண்டும். பார்க்கலாம், ஆய்வுக் குழு போடலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. வரிப் பணமா, சோதனைக் கட்டணமா, வீட்டுக்கு வீடு ஆண்டுக் கட்டணமா என்று நிதி திரட்டும் வழியைக் கவுன்ட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2006-இல் வந்த இன்னொரு சட்டம் பியூஜெட் சவுண்டை ஒட்டிய 12 கவுன்ட்டிகளைப் பார்த்து, செப்டிக்கால் கடல் கெடும் இடங்களைக் 'கடல் மீட்புப் பகுதி' என்று குறித்து, அங்குள்ள ஒவ்வொரு தொட்டியையும் கண்டுபிடித்துப் பதிவு செய்யச் சொன்னது. கேட்க எளிதாக இருக்கும். பழைய வீடுகள் பலவற்றுக்குத் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதற்கே வரைபடம் கிடையாது, ஆகவே பதிவேடு போடுவதே பெரிய வேலை.

நீங்கள் சொல்லும் கட்டணம் ஹென்டர்சன் இன்லெட் கதையாக இருக்கும். ஒலிம்பியாவுக்கு வடகிழக்கே உள்ள குறுகலான கடற்கழி அது. லேசி நகரம் வளர வளர, உட்லேண்ட் க்ரீக், உட்டர்ட் க்ரீக் என்ற ஓடைகள் வழியாக மாசும் கூடியது. 2000-ஐ ஒட்டிச் சுகாதாரத் துறை அதன் பகுதிகளின் தகுதியைக் குறைக்க, ஒலிம்பியா அடங்கிய தர்ஸ்டன் கவுன்ட்டி காப்பு மாவட்டம் அமைத்தது. முதலில் மக்களுக்குச் சொல்லிப் புரியவைத்துத் தாமாகச் செய்ய விட்டார்கள். அது போதவில்லை. 2007-இல் கட்டாயப் பராமரிப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டிய இயக்கச் சான்றிதழ். கரைக்கும் ஓடைக்கும் அருகில் இருக்கும் தொட்டிகளை 'அதிக ஆபத்து' என்று பிரித்து அவற்றுக்குச் சாயச் சோதனை. கூடவே, ஓடையோரத்துக் குடியிருப்பு ஒன்றைச் செப்டிக்கிலிருந்து பொதுச் சாக்கடைக்கே மாற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கழியின் சில பகுதிகள் மீண்டும் அறுவடைக்குத் திறந்தன. பக்கத்தில் உள்ள நிஸ்குவாலி ரீச் பகுதிக்கும் பிறகு இதே மாதிரித் திட்டம் விரிந்தது.

சாயச் சோதனையை நிறையப் பேர் பயத்தோடு பார்க்கிறார்கள். தோண்டல் எதுவும் கிடையாது. சோதனைக்காரர் முதலில் கரைக்குப் போய், நீர்வற்று நேரத்தில் தடுப்புச் சுவரின் அடியிலும் கூழாங்கல் இடுக்குகளிலும் எங்கெல்லாம் தண்ணீர் கசிகிறது என்று பார்ப்பார். அந்த இடங்களில், வலைப் பையில் கட்டிய கரித்துண்டுகளைக் கல்லோடு சேர்த்துக் கட்டி வைப்பார். சாயம் போடும் முன் ஒருமுறை பை வைத்து எடுப்பதும் உண்டு; வேறு எங்கிருந்தாவது வந்த சாயம் ஏற்கெனவே அங்கே இருந்தால் தெரிய வேண்டுமே. அப்புறம் வீட்டுக்குள் வந்து கழிப்பறையில் ஃப்ளோரசின் என்ற சாயத்தை ஊற்றித் தண்ணீர் விடுவார். நல்ல பளிச்சென்ற பச்சை நிறம். தொட்டி ஒரேயடியாகப் பழுதாகியிருந்தால் கடற்கரையில் பச்சை நீர் கண்ணுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் அப்படித் தெரியாது. கசிவு மெல்ல, நீர்த்துப்போய் வரும். நாட்கணக்கில் அங்கேயே கிடக்கும் கரி, கண்ணுக்குத் தெரியாத அளவு சாயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பைகளை எடுத்துப்போய் ஆய்வகத்தில் கரைசலில் ஊறவைத்தால் சாயம் பிரிந்து ஒளிரும். எந்தப் பை எந்தக் கசிவில் இருந்தது என்று குறித்திருப்பதால், இந்த வீட்டுக் கழிவு இந்த இடத்தில் கடலைத் தொடுகிறது என்று கையை வைத்துக் காட்டிவிடலாம். இதனால் வாக்குவாதமே குறைகிறது. அதிகாரி என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்காரர், தன் வீட்டில் ஊற்றிய சாயம் கரையில் கிடைத்த பிறகு மறுக்க முடியாது.

அதே பியூஜெட் சவுண்டை ஒட்டிய கிட்சாப் கவுன்ட்டி வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. எல்லா வீட்டையும் வரிசையாகச் சோதிப்பதற்குப் பதிலாக, மாசைத் தண்ணீரில் பிடித்து வீடு வரை பின்தொடர்வது அவர்கள் முறை. கரை நெடுகிலும் நடந்து ஒவ்வொரு குழாய், ஓடை, கசிவிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். பாக்டீரியா எண்ணிக்கை எங்கே ஏறியிருக்கிறதோ அங்கே திரும்பவும் எடுத்து உறுதி செய்துகொண்டு, ஓடையை மேல்நோக்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் எண்ணிக்கை திடீரென்று குதிக்கிறது என்று தேடிக்கொண்டே போவார்கள். கடைசியில் நாலைந்து வீடுகளுக்குள் அடங்கிவிடும். அப்போதுதான் கதவைத் தட்டுவது. 1990-களிலிருந்து நடக்கும் இந்த வேலைக்கு, நகர எல்லைக்கு வெளியே உள்ள சொத்துகளிடம் வாங்கும் மழைநீர்க் கட்டணத்திலிருந்து பணம் வருகிறது. மானியம் வந்தால் ஆள், தீர்ந்தால் இல்லை என்ற நிலை அங்கே கிடையாது. இதே கவுன்ட்டியின் யூகான் ஹார்பர் இந்த முறையில்தான் மீண்டு, 2008-இல் திறந்தது. என்னைக் கேட்டால் இரண்டு முறையில் இதுதான் சிக்கனமானது. நல்ல தொட்டி வைத்திருப்பவரைத் தொந்தரவு செய்வதும் குறைவு. ஆனால் பழுது நேர்ந்து கடல் கெட்ட பிறகுதான் இது கண்டுபிடிக்கும். வரும் முன் தடுக்க வேண்டுமானால் ஹென்டர்சன் பாணிப் பராமரிப்பும் வேண்டும். வசதியுள்ள கவுன்ட்டிகள் இரண்டையும் சேர்த்தே செய்கின்றன.

பணம் என்றதும் எல்லாத் திட்டமும் தடுமாறும் இடம் வந்துவிடுகிறது. முழு அமைப்பையும் மாற்றினால் 20,000 டாலருக்குக் குறைவாக முடிவது அரிது. கரையோரக் குறுகிய மனையில், பம்ப் வைத்து, கூடுதல் சுத்திகரிப்புக் கருவியும் போட வேண்டி வந்தால் இரண்டு மடங்கும் ஆகும். கரையோர வீடு என்றாலே பணக்காரர் என்று நினைக்க வேண்டாம். பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினால், பயந்துபோய் மறைக்கத்தான் பார்ப்பார்கள். இதை உணர்ந்துதான் மாநிலத்தின் சூழலியல் துறையும் சுகாதாரத் துறையும் கவுன்ட்டிகளும் சேர்ந்து, கிராஃப்ட்3 என்ற லாப நோக்கற்ற நிதி நிறுவனம் வழியாகச் செப்டிக் கடன் கொடுக்கின்றன. வங்கி தயங்கும் ஆட்களுக்கும் கிடைக்கும்; வருமானம் மிகக் குறைவென்றால் திருப்பிச் செலுத்துவதைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. கடன் வசதி இல்லாமல் சோதனை மட்டும் நடத்தும் திட்டம் பாதித் திட்டம்தான்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "என் தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழும், அதில் நியாயமும் இருக்கிறது. சோதனை செய்யாமல் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்பது ஒரு பதில். சிப்பி வளர்ப்பவர் தொழிலை இழப்பது தன் தவறால் அன்று, மேட்டில் இருப்பவர்களின் கழிவால் என்பது இன்னொன்று. இன்னும் ஆழமான பதில் பழங்குடிகளின் உரிமை. 1854-55 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீனும் சிப்பியும் எடுக்கும் உரிமையைப் பியூஜெட் சவுண்ட் பழங்குடிகள் தக்கவைத்துக்கொண்டார்கள். அறுவடைக்குரிய சிப்பி, மட்டியில் பாதி அவர்களுக்கு உரியது என்று 1994-இல் நீதிபதி எட்வர்ட் ரஃபீடி தீர்ப்பளித்தார். கடற்கரை மூடிக் கிடந்தால் அந்தப் பாதியும் பூஜ்யம்தான். ஸ்குவாக்சின் ஐலண்ட், சுக்வாமிஷ், லும்மி மக்கள் இந்த வேலையில் முன்னால் நிற்பது அதனால்தான்.

செப்டிக்கை மட்டும் சரிசெய்தால் போதுமா என்றால், இடத்தைப் பொறுத்தது. கனடா எல்லையை ஒட்டிய ட்ரேட்டன் ஹார்பர் 1990-களில் படிப்படியாக மூடப்பட்டது. நகரச் சாக்கடை, பண்ணைச் சாணம், செப்டிக், படகுகள் எல்லாமே அங்கே காரணம். வாட்கம் கவுன்ட்டி 1995-இல் காப்பு மாவட்டம் அமைத்தது. கடல் எதற்காகத் தேற வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று உள்ளூர்க்காரர்கள் சமூக ஆய்ஸ்டர் பண்ணையே போட்டார்கள். ஆண்டு முழுவதும் அறுவடை செய்ய அனுமதி வந்தது 2016-இல். இருபது ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை அது. ஸ்காஜிட் கவுன்ட்டியின் சாமிஷ் விரிகுடாவிலோ, பலத்த மழை பெய்தால் ஆறு சாணத்தையும் கழிவையும் வாரிக்கொண்டு வருவதால் அறுவடையை நிறுத்துவார்கள். அங்கே மாட்டுக்கு வேலி போடாமல் தொட்டியை மட்டும் பார்த்தால் எண்ணிக்கை இறங்காது. பச்சைச் சிப்பி சாப்பிட்டு வெயில் காலத்தில் வரும் விப்ரியோ என்ற பாக்டீரியா நோய் வேறு கணக்கு. அந்த பாக்டீரியா கடலில் இயல்பாகவே இருப்பது, செப்டிக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பலன் தாமதமாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் இடத்தின் தகுதியைக் கடைசி 30 மாதிரிகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு ஆறு மாதிரி என்றால் ஐந்து ஆண்டு. போன மாதம் கடைசிப் பழுதைச் சரிசெய்திருந்தாலும், பழைய கெட்ட எண்கள் கணக்கிலிருந்து உதிரும்வரை காத்திருக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் முடிவு காட்ட நினைக்கும் கவுன்ட்டித் தலைவர்களுக்கு இது பெரிய சோதனை. மாநிலமே 2020-க்குள் 10,800 ஏக்கர் சிப்பிப் பரப்பைக் கூடுதலாகத் திறப்போம் என்று இலக்கு வைத்து, முழுதாக எட்ட முடியாமல் போனது. ஒரு பக்கம் திறக்கத் திறக்க, கவனம் தளர்ந்த இன்னொரு பக்கம் மூடும்.

மற்ற மாநிலங்களில் வேறு வழிகள் உண்டு. மாசசூசெட்ஸில் 1995-இலிருந்து வீடு கைமாறும்போது தொட்டியைச் சோதித்தாக வேண்டும். நல்ல விதிதான், ஆனால் முப்பது ஆண்டு விற்காத வீட்டை அது தொடாது. மேரிலாண்ட் 2004-இலிருந்து சாக்கடை இணைப்பு உள்ளவர், செப்டிக் உள்ளவர் இருவரிடமும் கட்டணம் வாங்கி, நைட்ரஜனையும் நீக்கும் தொட்டிகளுக்கு மானியம் தருகிறது; செசபீக் விரிகுடாவில் அவர்களுடைய முதல் கவலை நைட்ரஜன்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முன்பணம் கொடுக்கும் முன், கவுன்ட்டி சுகாதார அலுவலகத்தில் அந்த முகவரிக்கான செப்டிக் பதிவைக் கேளுங்கள்: எந்த ஆண்டு போட்டது, எத்தனை படுக்கையறைக்கு அனுமதி, உறிஞ்சு நிலம் எங்கே, கடைசிச் சோதனை அறிக்கை என்ன சொல்கிறது. சாதாரண அமைப்புக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், பம்ப் முதலியவை உள்ளவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனை நடந்திருக்க வேண்டும். சோதனைக்காரர் வரும்போது கூடவே நில்லுங்கள். நீளமான குழாயை இறக்கிக் கசடின் உயரத்தை அளப்பார். கசடும் பிசுக்கும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் லாரியை வரவழைத்து உறிஞ்ச வேண்டியதுதான். உறிஞ்சு நிலத்தின் மேல் கார் நிறுத்தும் இடமோ கொட்டகையோ போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், பழைய வீடுகளில் இது சகஜம். முடிந்தால் ஜனவரியில், நாலு நாள் விடாமல் பெய்த பிறகு ஒருமுறை அந்தத் தோட்டத்தில் நடந்து பாருங்கள். ஆகஸ்டில் போனால் எந்த உறிஞ்சு நிலமும் காய்ந்துபோய் நன்றாகத்தான் தெரியும்.